கழுத்தில் எதுவும் கட்டக் கூடாது

கஞ்சி வைப்பது பார்ப்பதற்குத்தான் சுலபம், மேடம். நொய்யரிசியை லேசாக வறுத்துக்கொள்ள வேண்டும். குழையக் குழைய வேகவைத்து, ஆறியதும் வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். ஒரு பருக்கை தப்பினாலும் புரையேறிவிடும். என் மனைவி மரகதத்துக்குப் புற்றுநோயால் இடது கன்னத்தில் ஓட்டை விழுந்த பிறகு நான் வைத்த கஞ்சி அப்படிப்பட்டது. வலது பக்கம் சாய்த்து உட்காரவைத்து, ஓட்டையை ஈரத்துணியால் அடைத்துப் பிடித்துக்கொண்டு, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். உள்ளே போவது பாதி, வெளியே வழிவது பாதி. ஆனாலும் ஒரு நாள்கூட அவள் பட்டினி கிடந்ததில்லை. சிவஞானம் மாதிரி பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டவன் உண்டா என்று திக்லிபூரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அதை முதலில் உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதையும் மறைக்காமல் சொல்கிறேன். சுதா சிஸ்டர் மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நாற்றத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மூக்கு சீக்கிரம் பழகிவிடுகிற உறுப்பு. எனக்குப் பழகிவிட்டது, ஊருக்குத்தான் பழகவில்லை. மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். தூவினால் நாற்றம் அடங்கத்தான் செய்தது. ஆனால் அடங்கிய நாளில் பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா, தபால்காரர் மனைவி என்று ஆள் மாற்றி ஆள் வந்து கட்டிலோரம் உட்கார்ந்துவிடுவார்கள். மரகதத்துக்குக் களைப்பாகிவிடும். அதனால் நான் தினமும் தூவுவதில்லை. நாளடைவில் வருகிறவர்கள் நின்றுபோனார்கள். வீட்டில் ஓர் அமைதி வந்தது. மத்தியானங்களில் நான் தோட்டத்துப் பாக்கை உரித்துக்கொண்டிருப்பேன், அவள் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணமான காலத்திலிருந்து அவள் அவ்வளவு நேரம் என்னைப் பார்த்தது கிடையாது. பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை என்பதும் உண்மைதான்.

நான் என்ன உத்தியோகம் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லப்போவது அப்போதுதான் விளங்கும். அந்தமான் கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருந்தேன். மாயாபந்தரில் பாதி சர்வீஸ், திக்லிபூர் ஜெட்டியில் மீதி. கம்பிக்கு அந்தப் பக்கம் ஜனம் முட்டி மோதும். ஒருத்தனுக்கு மெயின்லேண்டில் அப்பா சாகக்கிடப்பார், இன்னொருத்திக்குத் தங்கை கல்யாணம் இருக்கும். பெங்காலி, தெலுங்கு, மலையாளி, எல்லோருக்கும் ஒரே ஹிந்தியில் ஒரே பதில் சொல்வேன். "ஷிப் ஃபுல் ஹை." குரலை உயர்த்தவே மாட்டேன். உயர்த்தினால்தான் சண்டை வரும், மெதுவாகச் சொன்னால் ஜனங்கள் நம்பிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் இப்போதும் பேசுகிறேன். நெஞ்சில் ஈரம் இல்லாதவன் என்று நினைத்துவிட வேண்டாம்.

மரகதம் கச்சால் தீவில் வளர்ந்தவள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்களை அங்கே ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள் அல்லவா, அந்த ஜனம். நான் ராமநாதபுரத்துக்காரன். கல்யாணத்துக்குப் பிறகு தலைதீபாவளிக்கு அவளை அங்கே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த கப்பலில் வரவேண்டியவள் வரவில்லை. அதற்கடுத்த கப்பலிலும் வரவில்லை. தங்கையோடு இருக்க ஆசையாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்தக் கப்பல்கள் வந்து நின்ற நாட்களில் ஜெட்டியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயந்துபோனேன், மேடம். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கச்சாலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ஒரு தடவை கடல் சரியில்லை, ஒரு தடவை கப்பல் ரிப்பேர், மற்ற நேரமெல்லாம் ஃபுல். வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற மாதிரி, டிக்கெட்காரன் பெண்டாட்டிக்குக் கப்பல் கிடையாது என்று ஆபீசில்கூடக் கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன். சுனாமியில் அவள் அம்மா போனபோது உண்மையாகவே கப்பல் இல்லை. அந்த ஒரு தடவை நான் பொய் சொல்லவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அவளுக்கென்று மிச்சமிருந்தது கச்சாலில் தங்கை கருப்பாயி மட்டும்தான். போனில் பேசிக்கொள்வார்கள். நோய் முற்றி நாக்கு குழறிய பிறகு அக்கா பேசுவது கருப்பாயிக்கு விளங்கவில்லை. போனை நான் வாங்கிக்கொள்வேன்.

"அக்கா என்ன மாமா சொல்லுது?"

"கவலப்படாம இருக்கச் சொல்றா. இந்தக் கோலத்துல யாரும் வந்து பாக்க வேணாமாம்."

மரகதம் பக்கத்தில் படுத்து ஏதோ சத்தம் எழுப்பிக்கொண்டிருப்பாள். ஊமை கண்ட கனவை யார் கண்டார்கள். அவள் சொல்வது எனக்கு விளங்கியதா என்று கேட்கிறீர்கள். விளங்கியது. ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. உலகத்தில் எனக்கு மட்டும்தான் விளங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்னைக்குக் கொண்டுபோய்க் கரண்ட் வைத்துப் பார்த்தாகிவிட்டது. நுரையீரலுக்கும் பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. திக்லிபூரில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். வலி மாத்திரை தீர்ந்துவிட்டதால் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் டாக்டர் அருண்பிரசாத்தைப் பார்த்தது. மெயின்லேண்டிலிருந்து வந்த தமிழ் டாக்டர், ஒட்டறுவைச் சிகிச்சை செய்கிறவர். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தபோது அவர் குனிந்து புண்ணுக்குள் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நோயை இனி ஒண்ணும் பண்ண முடியாதும்மா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் புண்ண எடுத்துட்டு, நெஞ்சுல இருந்து சதையும் தோலுமா கொண்டுவந்து கன்னத்த மூடலாம். நாத்தம் போயிடும். குடிக்கற கஞ்சி வெளிய வராது. இருக்கற மாசத்துல நாலு பேரோட உக்காந்து இருக்கலாம். உங்களுக்கு என்ன வேணும், அதச் சொல்லுங்க."

மரகதம் சொன்னாள். வழக்கம்போல நான் எடுத்துச் சொன்னேன். "வீட்லயே நிம்மதியாக் கெடந்தாப் போதுங்கறா டாக்டர். கத்தி வேணாமாம்."

பஞ்சுத் தட்டோடு நின்ற நர்ஸ் தலையை நிமிர்த்தினாள். "சார், அக்கா அப்பிடிச் சொல்லலியே. கச்சாலுக்குப் போவணும், தங்கச்சி மடியில சாவணும்னுல்ல சொல்லுது."

அதுதான் சுதா, போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரியிலிருந்து முகாமுக்கு வந்தவள். அவளும் கச்சால் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அந்த ஜனம் வார்த்தையை இழுத்து விடுகிற விதம் அவள் காதிலேயே இருந்தது, நாக்கு குழறினாலும் அவளுக்கு அது தெரிந்தது. மரகதம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு வெகு நேரம் பேசினாள். "ஆமாக்கா", "வெளங்குதுக்கா" என்று சுதா கேட்டுக்கொண்டே இருந்தாள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு என் மனைவி பேசியதற்கு இன்னொருத்தர் பதில் சொன்னதை நான் பார்த்தேன். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். ஊருக் கத" என்றாள் சுதா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அன்று வீட்டுக்கு வந்து மரகதத்திடம் பேசிப் பார்த்தேன். வெட்டிக் கிழித்து என்ன ஆகப்போகிறது, இருக்கிற நாளை இப்படியே இருந்துவிட்டுப் போகலாம் என்றேன். தலைக்கு மேல் வெள்ளம் போயாயிற்று, சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தைகள் வருவதற்கே எவ்வளவு நேரம் பிடித்தது என்று நினைக்கிறீர்கள்? அத்தனையும் பொறுமையாகக் கேட்டேன்.

ஆபரேஷனுக்காகப் போர்ட் பிளேயருக்கு பஸ்ஸில் வந்தோம். கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே கடைசி வரிசைக்காரர்கள் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்கள். வரிசை முழுவதும் எங்களுக்குத்தான். அவளைக் கால் நீட்டிப் படுக்கவைத்துத் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு சௌகரியமாக நாங்கள் எங்கேயும் பயணம் செய்ததில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் நகை எதுவும் இருக்கக் கூடாது என்று தாலிச் சங்கிலியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தாலியைக் கழற்ற நேர்ந்தால் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்துக் கழுத்தில் போட்டுவிடுவோம். புருஷன் உயிரோடு இருக்கும்போது கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது. நான் கயிறு வாங்கித் தயாராக வைத்திருந்தேன்.

சுதா தடுத்துவிட்டாள். "கழுத்துல ஏலாது சார். கையில கட்டிவிடுங்க. இங்க எல்லாருமே அப்பிடித்தான் செய்வாங்க." மரகதம் தானாகவே கையை நீட்டினாள். கட்டிவிட்டேன். ஆனால் கை வேறு, கழுத்து வேறு. மேடைக்கு எதிரே அத்தனை பேரை உட்காரவைத்து மணிக்கட்டில் யாராவது தாலி கட்டுவார்களா?

ஏன் கழுத்தில் கூடாது என்பதை டாக்டர் எனக்குத் தெளிவாகவே சொன்னார். நான் பாக்குத் தோட்டம் வைத்திருக்கிறேன் என்று தெரிந்து அதற்கேற்ற மாதிரி சொன்னார். "நெஞ்சுச் சதைய முழுசா அறுத்து எடுக்கறதில்ல சார். அதுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் அப்படியே இருக்கும். காறை எலும்புக்கு மேல ஏறி, கழுத்துத் தோலுக்கு அடியில போய் கன்னத்துல சேருது. தோட்டத்துல தண்ணி விடற ரப்பர் ட்யூப் இருக்குல்ல, அதும்மேல காலை வெச்சா என்ன ஆகும்? அதான். கழுத்துல ஒரு நூல்கூட இறுக்கமா இருக்கக் கூடாது." தொண்டையில் மூச்சுக்குழாய் வைத்திருந்தார்கள். அதைக்கூடக் கழுத்தைச் சுற்றி நாடாவால் கட்டாமல் தோலோடு தைத்திருந்தார்கள். கட்டிலின் தலைமாட்டில் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் ஓர் அட்டை தொங்கியது. அதன் கீழே சுதா பேனாவால் தமிழில் எழுதியிருந்தாள்: கழுத்தில் எதுவும் கட்டக் கூடாது. எனக்கு மூன்று பாஷையும் படிக்கத் தெரியும். கவனிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. டாக்டர் மேல் ஒரு குறையும் கிடையாது. தையல் போட்டு வீங்கியிருந்தாலும் அது ஒரு முகம். ஓட்டை இருந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்குத் தோல். அதில் ஒரு மச்சம் இருந்தது.

அந்த மச்சத்தை எனக்குத் தெரியும், மேடம். அவள் மார்புக்குக் கீழே இருந்தது. இந்த உலகத்தில் நான் ஒருத்தன் மட்டும் பார்த்திருந்த மச்சம் அது. இப்போது கன்னத்தில் உட்கார்ந்திருந்தது. வார்டில் தரை துடைக்கிறவர் பார்த்தார், பக்கத்துக் கட்டில்காரியின் மகன் பார்த்தான். "அக்காவுக்குப் புது மச்சம். இனி அதிர்ஷ்டந்தான்" என்று சுதா வேடிக்கையாகச் சொன்னாள். மரகதம் கண்ணால் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

நாற்றம் சுத்தமாகப் போய்விட்டது. அந்த வார்டில் மரகதத்தின் கட்டிலைச் சுற்றி எப்போதும் யாராவது இருந்தார்கள். ஒருத்தி தலை வாரிவிட்டாள். இன்னொருத்தி தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து காட்டினாள். சுதா தன் போனில் கச்சாலுக்கு வீடியோ போட்டுக் கொடுத்தாள். கருப்பாயி அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அக்கா, மூஞ்சி வந்திருச்சுக்கா. பழைய மூஞ்சி வந்திருச்சு." தொண்டையில் குழாய் இருந்ததால் மரகதத்தால் சத்தம் எழுப்ப முடியாது. ஆனால் உதட்டை அசைத்தாள், கருப்பாயி அதைப் பார்த்துப் பதில் சொன்னாள். நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். போனை வாங்கிச் சொல்வதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

சுதாவின் தம்பி நிக்கோபார் கப்பலில் வேலை பார்க்கிறான். தையல் பிரித்ததும் அடுத்த கப்பலில் மரகதத்துக்குப் படுக்கை போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடாகிவிட்டது. கூடப் போவதற்குக் கச்சால்கார அம்மா ஒருத்தியும் கிடைத்துவிட்டாள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னார்கள். அதற்குள் சுதா என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். எனக்கும் டிக்கெட் வேண்டுமே என்றேன்.

அவள் தயங்கினாள். "அது ஆதிவாசிங்க தீவு, உங்களுக்கு பாஸ் எடுக்கணும் மாமா, நாளாவும். இப்ப கப்பலும் ஃபுல்லு. அக்கா மொதல்ல போகட்டும்."

மெதுவாகத்தான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. நான் மரகதத்திடம் போய், நான் வர வேண்டாமா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். ஆபரேஷன் களைப்பு.

அன்று மாலை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து என் வீட்டை நினைத்துப் பார்த்தேன். கட்டில், கஞ்சிப் பாத்திரம், வடிகட்டுகிற துணி. போனால் அவள் திரும்பி வர மாட்டாள். சாவுக்குக்கூட எனக்குக் கப்பல் கிடைக்காது. அவளை எரிக்கிற இடத்தில் யாரோ நாலு பேர் நிற்பார்கள், நான் திக்லிபூரில் பாக்கு உரித்துக்கொண்டிருப்பேன். மெயின்லேண்டுக்கு டிக்கெட் கேட்டு என் கவுண்டர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு வலிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒருவேளை சிலருக்குக் கொடுத்திருப்பேன்.

ஒட்டிய சதையின் நிறத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். விரலால் அமுக்கி எடுத்தால் வெளுத்து, உடனே சிவக்க வேண்டும். சுதாவுக்கு இரண்டு வார்டு, கூட ஆள் கிடையாது. அதனால் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். துணைக்கு இருப்பவர்கள் பார்த்துச் சொல்வதும் நர்ஸ் அதை எடுத்துக்கொள்வதும் அங்கே புதிதல்ல. என் கண் நல்ல கண் என்று டாக்டரே பாராட்டினார். முதல் இரண்டு நாளும் நான் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் பெரிய மழை. வார்டில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சுதா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. "நீ போய்ச் சாப்புடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் மரகதத்தின் கையிலிருந்த கயிற்றை அவிழ்த்துக் கழுத்தில் கட்டினேன். மூன்று முடிச்சு. கயிறு சற்றுக் குட்டையாக இருந்தது. மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டேன்.

அவள் விழித்துக்கொண்டாள். ஒரு கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது, அசைக்க முடியாது. மறு கையை நான் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்தன்று அவள் குனிந்த தலை நிமிரவே இல்லை. இப்போது என் கண்ணையே பார்த்தாள். ஒரு தாலி கட்டுகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வலிக்குப் போட்ட மருந்தில் அவள் கண் செருகுவதும் விழிப்பதுமாக இருந்தாள்.

சுதா சாப்பிட்டுவிட்டு வந்து வாசலிலிருந்தே கேட்டாள். "மாமா, கலர் எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. அமுக்குனா செவக்குது."

அப்போது அது நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது. அடுத்த வார்டில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். என் வார்த்தையை நம்பித்தான் போனாள். வேலியே பயிரை மேய்ந்தது என்று இதைச் சொல்வார்கள். வேலிக்குப் பசிக்குமா என்று எவனும் கேட்பதில்லை. சாயங்காலம் விளக்கு போட்ட நேரத்தில் அந்த மச்சம் கண்ணுக்குத் தெரியவில்லை. சுற்றியிருந்த தோலும் அதே கறுப்பாகிவிட்டது. டாக்டர் வருவதற்கு முன்னால் கயிற்றை எடுத்து மறுபடி கையில் கட்டிவிட்டேன். கழுத்தில் மஞ்சள் கறை ஒட்டியிருந்தது. ஆபரேஷனுக்குத் தடவிய மருந்து என்று நினைத்து சுதாவே அதைத் துடைத்தாள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள், ரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். முன்பு இருந்ததைவிடப் பெரிய ஓட்டையாயிற்று. சீழ் பிடித்தது. நாற்றம் திரும்பி வந்தது, பக்கத்துக் கட்டில்காரர்கள் வேறு இடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். தலை வாரிவிட்டவளும் வரவில்லை. திரும்பவும் நாங்கள் இருவர் மட்டும். மூக்கில் விட்ட குழாய் வழியாக நான்தான் கஞ்சி விட்டேன். கச்சால் கப்பல் போய்விட்டது. ஒரு விடியற்காலையில் கழுத்துக்குள் சீழ் அரித்த ரத்தக்குழாய் வெடித்தது. அதிக நேரம் இல்லை. தங்கத் தாலியை நானே அவளுக்குப் போட்டுவிட்டேன். சுமங்கலியாகப் போனாள்.

ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி உறுத்தியது என்று சொல்லலாம், உங்களுக்கும் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும். ஆனால் அது இல்லை. காரியம் முடிந்த மறுநாள் கருப்பாயி வந்து சேர்ந்தாள். அவளும் சுதாவும் வராந்தாவில் கட்டிக்கொண்டு அழுதார்கள். "என் கையாலதான் அக்கா போயிருச்சு, என் கையாலதான்" என்று சுதா தலையில் அடித்துக்கொண்டாள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், தண்டனை வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றாள். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் யார்? நேற்று வந்தவள். என் மனைவிக்குக் கடைசியாக நடந்த காரியம் எப்படி அவள் கையால் நடந்ததாகும்? அது என் கை. அது என் பெயரில்தான் இருக்க வேண்டும்.

முகாமில் மரகதம் என்ன சொன்னாள் என்பதை சுதா உங்களிடம் சொல்லியிருக்கிறாள், நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "முப்பது வருசமா கப்ப இல்ல, கப்ப இல்லன்னாரு. இருந்திச்சின்னு எனக்குத் தெரியும் புள்ள." ஊருக் கதை என்று சுதா மறைத்தது இதைத்தான். கேட்டதும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். தெரிந்துகொண்டும் என்னோடு இருந்திருக்கிறாளே. அதற்கு அன்பு என்றுதானே பெயர்?

கயிறு குட்டையாக இருந்தது என்று முன்னால் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். முருகன் கோயில் வாசலில் வாங்கியபோது அது தொப்புள் வரைக்கும் வருகிற நீளம். அதற்கு முந்தின நாள் மாலை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தேன் என்றேனே, அப்போது எழுந்து போய் டீக்கடையில் ஒரு கத்தி கேட்டு வாங்கினேன். அவள் தூங்கும்போது கையிலிருந்த கயிற்றை அவிழ்த்து வெட்டி, மிச்சத்தைத் திரும்பக் கட்டிவிட்டேன். ரப்பர் ட்யூப் மேல் காலை வைத்தால் என்ன ஆகும் என்று டாக்டர் கேட்டபோதே எனக்குப் பதில் தெரியும். தோட்டக்காரன் நான். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று. கருப்பாயி ஊருக்குக் கிளம்பும்போது, "கடைசியில அக்கா ஏதாச்சும் சொன்னிச்சா மாமா?" என்று கேட்டாள். பேச முடியாதவள் என்ன சொல்வாள்? ஆனால் நான் அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். அன்று மத்தியானம் மழைக் குளிருக்கு, பிடித்த கையை விட்டுவிட்டு நான் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தபோது மரகதம் இரண்டு விரலைக் கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவே நுழைத்து இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் கயிற்றை எடுக்க முடிந்தது. அந்த நிலையிலும் தாலியை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாள், மேடம். என்னை விட்டுப் போக அவளுக்கு மனமே இல்லை.